பி.பிளான் படிக்கலாமா? வேலூர், ராணிப்பேட்டை பக்கம் யாராவது இந்தத் துறையில் இருக்கிறீர்களா?

குடியாத்தம் கதிர்:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் ப்ளஸ் டூ படிக்கிறேன், தமிழ் மீடியம், கணக்கு இருக்கிற குரூப். நகரத் திட்டமிடல், அதாவது பி.பிளான் படிக்க ஆசை. நைனா சிவில் எடு, இல்லையென்றால் கம்ப்யூட்டர் எடு என்கிறார். பள்ளியில் கேட்டால் யாருக்கும் இந்தப் படிப்பைப் பற்றிச் சரியாகத் தெரியவில்லை.

ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரத் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்புறம் ஆக்கிரமிப்பு என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். என்னோடு படித்தவன் வீடும் அதில் போனது. அவர்கள் கையில் வீட்டு வரி ரசீது இருந்தது, கரண்ட் கனெக்‌ஷன் இருந்தது, தெருவில் சிமென்ட் ரோடும் போட்டிருந்தது. இங்கே வீடு கட்டலாமா கூடாதா என்று முதல் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதே சொல்ல வேண்டியவர் யார், அவர் என்ன படித்திருப்பார் என்று தேடப்போய்த்தான் இந்தப் படிப்பே எனக்குத் தெரியவந்தது.

எங்கே படிப்பது, தமிழ் மீடியத்தில் இருந்து போனால் சமாளிக்க முடியுமா, படித்தால் வேலை கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி பிளானர்:

தம்பி கதிர், எனக்குச் சொந்த ஊர் காட்பாடி. சிவில் முடித்து, அப்புறம் நகரத் திட்டமிடலில் முதுகலையான எம்.பிளான் படித்து, இப்போது சென்னையில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். உன் கேள்வியை இத்தனை சின்ன வயதில் கேட்பதே பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 'சொல்ல வேண்டியவர் யார்' என்பது. தமிழ்நாட்டில் இதற்கு 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே 1920-இல் மதராஸ் நகரத் திட்டச் சட்டம் வந்துவிட்டது, அதாவது இந்த யோசனை நமக்கு நூறு வருடத்துக்கும் மேல் பழசு. சென்னைக்கு சிஎம்டிஏ என்கிற பெருநகர வளர்ச்சிக் குழுமம், மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், எல்லோரும் சொல்கிற டிடிசிபி. வேலூர் மாதிரி பெரிய ஊர்களுக்கு உள்ளூர் திட்டக் குழுமம் இருக்கும். அவர்கள் போடுகிற முழுமைத் திட்டத்தில்தான் எந்த சர்வே நம்பர் குடியிருப்பு, எது வணிகம், எது தொழில், எது விவசாயம், எங்கே ரோடு வரப்போகிறது என்பதெல்லாம் இருக்கும். அந்தத் திட்டத்தைப் போடுகிறவர்களும், அதை வைத்து அனுமதி கொடுக்கிறவர்களும், அனுமதி கேட்டு வரைபடம் தயாரிக்கிறவர்களும் பிளானர்கள்தான். குறைந்தபட்சம் பிளானர்களாக இருக்க வேண்டும். பல இடங்களில் அந்த நாற்காலியில் வேறு படிப்பு படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

படிப்புக்கு வருவோம். பி.பிளான் நான்கு வருடம். மத்திய அரசுக் கல்லூரிகளில் அதில் சேர ஜேஇஇ மெயின் தேர்வில் தாள் 2பி எழுத வேண்டும். பி.இ, பி.டெக்குக்கு எழுதுகிற தாள் 1 வேறு, கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க்குக்கான 2ஏ வேறு. 2பி-யில் கணக்கு, ஆப்டிட்யூட் (நுண்ணறிவுத் திறன்), பிளானிங் என்று மூன்று பகுதி, மொத்தம் 100 கேள்வி, 400 மதிப்பெண். கணக்குப் பகுதிக்கு 100, ஆப்டிட்யூடுக்கு 200, பிளானிங்குக்கு 100. பிளானிங் பகுதி என்றால் பயந்துவிடாதே, பள்ளிக்கூடத்து வரலாறு, புவியியல், குடிமையியல், அப்புறம் வரைபடம் பார்த்துப் பதில் சொல்வது, அட்டவணை படிப்பது, அரசுத் திட்டங்கள், பெரிய நகரங்கள் பற்றிய பொது அறிவு, அவ்வளவுதான். ப்ளஸ் டூவில் கணக்கு இருந்தால் போதும், இயற்பியல் வேதியியல் கட்டாயம் இல்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது. காமர்ஸில் கணக்கு எடுத்த பிள்ளைகளும் வரலாம்.

டெல்லி, போபால், விஜயவாடா மூன்று இடத்திலும் எஸ்பிஏ (திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளி) என்கிற மத்திய அரசுக் கல்லூரி இருக்கிறது. டெல்லி ரொம்பப் பழசு, மற்ற இரண்டும் 2008-இல் வந்தவை. போபாலில் மானிட் என்கிற என்ஐடியிலும் பி.பிளான் உண்டு. இவற்றுக்கெல்லாம் ஜோசா என்கிற மத்தியப் பொதுக் கவுன்சலிங்தான். காட்பாடியில் ரயில் ஏறினால் விஜயவாடா ஒரு ராத்திரிப் பயணம், இவற்றில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் கிட்டத்தில் இருப்பது. விஐடி வளாகத்தில் வி-ஸ்பார்க் என்கிற கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது, அங்கே பி.ஆர்க் நடக்கிறது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் போர்டில் பிளானிங் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சேராதே, கையில் கொடுக்கப்போகிற பட்டத்தின் பெயர் என்ன என்று கேட்டுவிட்டுச் சேர்.

ஆற்காடு அப்பா:

பிளானர் சார், எல்லாம் சரி. பெண்ணுக்குக் கேட்கிறேன், அவளும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்கு வருடம் வெளிமாநிலத்தில் ஹாஸ்டல், சாப்பாடு, ரயில் செலவு எல்லாம் போட்டுப் படிக்கவைத்தால் முடித்த மறுநாள் எங்கே வேலைக்குப் போவாள்? எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகள் ஐடியில் இருக்கிறார்கள், அவர்கள் சம்பளம் எனக்குத் தெரியும். இதில் என்ன சம்பளம்? நேராகச் சொல்லுங்கள். எனக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை, லோன் வாங்கித்தான் படிக்க வைக்கணும்.

காட்பாடி பிளானர்:

ஐயா, நேராகவே சொல்கிறேன். தனியாரில் முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளம் ஐடியைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பி.பிளான் மட்டும் முடித்தவர்களைவிட எம்.பிளான் முடித்தவர்களுக்கே நிறுவனங்கள் முன்னுரிமை தருகின்றன. அதனால் நான்கு வருடம் என்று கணக்குப் போடாதீர்கள், ஆறு வருடம் என்று போடுங்கள். எம்.பிளானில் கேட் என்கிற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு போகிறவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கிற கல்லூரிகள் உண்டு, அது கொஞ்சம் சுமையைக் குறைக்கும்.

அரசு வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி வழியாக நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பணி. அது நிலை 22, அடிப்படைச் சம்பளமே 56,100-இல் தொடங்குகிறது. ஆனால் அறிவிக்கை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது, வந்தாலும் இடங்கள் கொஞ்சம்தான். தகுதிப் பகுதியை வரி வரியாகப் படிக்க வேண்டும். அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

இவை தவிர மெட்ரோ, வீட்டு வசதி வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், கும்டா என்கிற சென்னைப் போக்குவரத்துக் குழுமம், மாநகராட்சிகளில் ஒப்பந்த வேலை, ஐடிடிபி மாதிரி போக்குவரத்து சார்ந்த தொண்டு நிறுவனங்கள், ரியல் எஸ்டேட் நிறுவனங்களின் அனுமதிப் பிரிவு, பன்னாட்டு ஆலோசனை நிறுவனங்கள் என்று கதவுகள் பல. ஜிஐஎஸ், அதாவது கம்ப்யூட்டரில் வரைபடத்தோடு தகவலைச் சேர்த்து ஆராய்கிற வித்தை, நன்றாகத் தெரிந்தால் வரைபடம் சார்ந்த மென்பொருள் நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன.

சத்துவாச்சாரி செல்வி:

நான் விஜயவாடாவில் பி.பிளான் முடித்தவள். அப்பா கேட்ட கேள்விக்கு அண்ணா பதில் சொல்லிவிட்டார், நான் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொள்ளாமல் வந்து பாதியில் மனம் வெறுத்துப்போனவர்களை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். அழகான கட்டடம் வரையலாம் என்று வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இங்கே கட்டடம் வரைவதில்லை. புள்ளியியல் இருக்கிறது, மக்கள்தொகைக் கணக்கு இருக்கிறது, பொருளாதாரம், சமூகவியல், நிலச் சட்டம், போக்குவரத்து, குடிநீர், கழிவுநீர் எல்லாம் இருக்கிறது. வாரத்தில் பெரும்பகுதியை ஸ்டுடியோ தின்றுவிடும். ஸ்டுடியோ என்றால் ஒரு நிஜ ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே போய் இறங்கி, வீடு வீடாகக் கேட்டு, அளந்து, வரைபடமாக்கி, இருபது வருடத்துக்கு என்ன தேவை என்று சொல்வது.

கடைசி வருட ஆய்வுக்கு நான் நம் ஊரையே எடுத்தேன். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கிற தெருக்கள். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, ஆஸ்பத்திரி பள்ளிக்கூடத்துக்குச் சிவப்பு, பூங்காவுக்குப் பச்சை என்று அடிப்போம். பாபு ராவ் தெருவில் ஒரு கட்டடத்து வாசலில் நின்றுகொண்டு என்ன கலர் அடிப்பது என்று தெரியாமல் முழித்தோம். கீழே மருந்துக்கடை, அதன் மேலே லாட்ஜ் என்று போர்டு, அதற்கும் மேலே ஓனர் வீடு. லாட்ஜ் என்கிற மாடிக்கு ஏறிப் பார்த்தால் அது லாட்ஜே இல்லை, குடித்தனம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள், அறைக்கு ஒரு அடுப்பு, வராந்தாவில் காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கிறார்கள், கீமோ முடியும்வரை மாதக்கணக்கில் அங்கேதான் இருக்கிறார்கள். சென்சஸில் இவர்கள் வேலூர்க்காரர்கள் இல்லை. ஆனால் தண்ணீர் குடிக்கிறார்கள், குப்பை சேர்கிறது, கழிவறை வேண்டும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆட்டோ வேண்டும். ஊர் மக்கள்தொகையை வைத்துக் குடிநீர்க் குழாய் கணக்குப் போட்டால் இவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். எங்கள் பேராசிரியர் அந்த இடத்தில்தான் பேனாவை வைத்தார், இந்தக் கூட்டத்தை எண்ணாமல் போடுகிற எந்தத் திட்டமும் வேலூருக்கு ஆகாது என்று.

2022-இல் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் திறந்த பிறகு அதே மாதிரி இன்னொரு கூட்டம் பெங்களூர் ஹைவே ஓரத்தில் சேர ஆரம்பித்திருக்கிறது. அங்கே லாட்ஜ்கள் எங்கே வரும், ரோட்டைக் கடக்க நோயாளிகள் என்ன செய்வார்கள், பஸ் எங்கே நிற்கும் என்பதை இப்போதே வரைந்தால் உண்டு. பத்து வருடம் கழித்து வரைந்தால் வேலூர் காந்தி ரோடு நெரிசலை அப்படியே அங்கேயும் பார்க்கலாம்.

கதிர், தமிழ் மீடியம் பற்றிக் கேட்டாய். நுழைவுத் தேர்வுக் கேள்வித்தாள் தமிழிலும் வருகிறது, விண்ணப்பத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரியில் முதல் வருடம் ஆங்கிலம் கஷ்டமாக இருக்கும், அறிக்கை எழுதி எழுதிப் பழகிவிடும். ஆனால் ஒன்று சொல்கிறேன், களத்தில் மக்களிடம் போய்ப் பேசும்போது தமிழில் தெளிவாகக் கேட்கத் தெரிந்தவன்தான் நல்ல தகவலோடு திரும்புவான். கூட்டத்தில் எழுந்து தமிழில் விளக்கத் தெரிந்தவனுக்கு இந்தத் தொழிலில் மதிப்பு அதிகம்.

வாலாஜா சர்வேயர்:

தம்பிகளா, அம்மணிகளா, நான் பிளானிங் படித்தவன் இல்லை. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது லேஅவுட் போடுகிறவர்களுக்கு அளவு எடுத்துக் கொடுக்கிறேன். இளம் பிளானர்கள் எங்களிடம் வருவார்கள், அவர்களைப் பார்த்ததில் தோன்றியதைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் நன்றாக வரைகிறார்கள். ஆனால் எஃப்எம்பி படிக்கத் தெரியவில்லை. எஃப்எம்பி என்றால் புலப்படம், ஒரு சர்வே நம்பருக்கு ஒரு தாள். அதில் இரட்டைக் கோடாக ஒன்று குறுக்கே போகும், பக்கத்தில் வாய்க்கால் என்று இருக்கும். மனையாக விற்கிற இடத்தில் போய் நின்று பார்த்தால் அங்கே வாய்க்கால் இருக்காது, சமமாக மண் அடித்து மஞ்சள் கலர் கல் நட்டிருப்பார்கள். உடனே பிளானர், 'வாய்க்கால் இல்லை சார், பழைய ரெக்கார்டு' என்பார். பழைய ரெக்கார்டுதான். ஆனால் மேலே இருக்கிற ஏரி கோடி போகும்போது தண்ணீருக்கு அந்தப் பழைய ரெக்கார்டு மட்டும்தான் தெரியும். நம் ஜில்லா முழுக்க ஏரிக்கு ஏரி சங்கிலி. மேல் ஏரி நிரம்பி கோடி போனால் கீழ் ஏரிக்கு வரத்து. ஒரே ஒரு சர்வே நம்பர் புலப்படத்தைப் பார்த்தால் இது புரியாது. கிராமப் படத்தை விரித்துவைத்து, அந்த இரட்டைக் கோடு எந்த நம்பரில் புறப்பட்டு எந்த நம்பரில் முடிகிறது என்று விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் அந்த நம்பர்கள் எல்லாம் என்ன வகைப்பாடு என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு மத்தியானம் ஆகும். அந்த ஒரு மத்தியானத்தைச் செலவழிக்காததால் வருகிற வினைதான் கதிர் தம்பி சொன்ன மாதிரி வெள்ளமெல்லாம்.

இன்னொன்று. லேஅவுட் 3000 சதுர மீட்டருக்கு மேல் போனால் ரோடு போக மிச்சத்தில் பத்து சதவீதம் பொதுத் திறந்தவெளி என்று விதி இருக்கிறது, இடம் பெரிதானால் அதைத் தானமாக எழுதியே கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுக்கிறார்கள். எந்த இடத்தை? முக்கோணமாக மூலையில் மிஞ்சியது, ஹை டென்ஷன் கம்பி போகிற இடம், பள்ளம். அதில் பூங்கா எப்படி வரும்? குழந்தை விளையாட நடுவில் ஒரு சதுரமான இடம் விட்டால் என்ன என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் சட்டம் தெரிந்தவனாக, ஓனரிடம் பயப்படாமல் பேசுகிறவனாக இருக்க வேண்டும். அந்த மாதிரி பிள்ளைகள் இந்தப் படிப்புக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்.

கிரீன் சர்க்கிள்:

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், இன்னொரு பக்கத்தையும் பையன் தெரிந்துகொள்ளட்டும். எம்.பிளான் முடித்து ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தேன், இப்போது துறையை விட்டு பெங்களூரில் ஜிஐஎஸ் வேலையில் இருக்கிறேன். அந்த நிறுவனத்தில் ஒரு சின்ன ஊருக்கு முழுமைத் திட்டம் எடுத்தோம். களத்துக்குப் போகக் கேட்டால் பணம் இல்லை என்றார்கள். செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்தே கலர் அடித்தோம். பக்கத்து ஊருக்கு எழுதிய அறிக்கையில் பெயரை மாற்றி இதில் போட்டார்கள். அந்தத் திட்டத்தை நம்பி அந்த ஊர்க்காரன் வீடு கட்டப்போகிறான் என்று நினைக்கும்போதெல்லாம் தூக்கம் வராது.

திட்டம் போடுகிறவன் ஒருவன், ரோடு போடுகிறவன் ஒருவன். வேலூர் 2016-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தது. 2022-இல் என்ன செய்தி வந்தது? நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்டார்கள். நாடே பார்த்தது. நீங்கள் எவ்வளவு நல்ல திட்டம் வரைந்தாலும் கடைசியில் தெருவுக்கு வந்து சேர்வது ஒப்பந்ததாரர் கைதான்.

அப்புறம் மரியாதை. ஆர்க்கிடெக்டுக்கு 1972-இலேயே தனிச் சட்டம், தனி கவுன்சில். பிளானருக்கு அப்படிச் சட்டப்படியான கவுன்சில் கிடையாது. ஐடிபிஐ என்கிற இந்திய நகரத் திட்டமிடுநர் அமைப்பு 1951-லிருந்து இருக்கிறது, நல்ல அமைப்பு, ஆனால் அது தொழில் சங்கம்தான். பார் கவுன்சில் மாதிரி, மெடிக்கல் கவுன்சில் மாதிரி அதிகாரம் கிடையாது. பிளானர் இல்லாதவர் பிளானர் வேலை பார்த்தால் கேட்க ஆள் இல்லை. பையா, ஆர்வம் நல்லது, ஆனால் இதையும் யோசி.

காட்பாடி பிளானர்:

கிரீன் சர்க்கிள், நீங்கள் சொன்ன ஆபீஸ் மாதிரி இடங்கள் இருக்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும் கிட்டத்தட்ட உங்கள் பக்கம்தான். நாட்டில் 7,933 நகர்ப்புறப் பகுதிகள், அதில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே இல்லை. 12,000 பிளானர்களுக்கு மேல் தேவை, மாநிலத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட இடங்களோ 4,000-க்கும் கீழே, அதிலும் கிட்டத்தட்ட பாதி காலி. அதைவிட வேதனை, அந்த இடங்களுக்குப் பல மாநிலங்களில் நகரத் திட்டமிடல் பட்டம் கட்டாயத் தகுதியே இல்லை.

ஆனால் இதை வைத்து வராதே என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தத் தொழில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பாலாற்றைவிட சாட்சி வேண்டுமா? ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல் தொழிற்சாலைகள், எல்லாம் ஆற்றை ஒட்டி, ஊர்க் கிணறுகளை ஒட்டி. கழிவுநீர் எங்கே போகும் என்று தொழிற்சாலைக்கு இடம் பார்க்கும்போதே கேட்டிருந்தால், வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டியதில்லை. மாசுபடுத்தியவர் ஈடு செலுத்த வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்று 1996-இல் வந்த அந்தத் தீர்ப்பு சொன்னது, இன்று இந்தியா முழுக்க சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். தீர்ப்பு வந்தது, கிணற்றுத் தண்ணீர் திரும்ப வந்ததா? இடம் தேர்வு என்கிற ஒரு முடிவைத் தப்பாக எடுத்தால் அதற்கப்புறம் எந்த நீதிமன்றமும் பழையபடி ஆக்கித் தர முடியாது. எனக்கு இந்தத் தொழில் மேல் இருக்கிற பிடிப்பெல்லாம் இதனால்தான்.

வேலை வாய்ப்பிலும் நிலைமை மாறியிருக்கிறது. 2016-இல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது, 20.10.2016-க்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கு மட்டும். அதற்கு முன்பெல்லாம் பஞ்சாயத்து அப்ரூவல் என்று ஒரு தாளைக் காட்டி விற்றுவிடுவார்கள். இப்போது டிடிசிபி அனுமதி, ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு இரண்டும் இல்லாமல் பேங்க் லோனே நகராது. 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்து, பதிவு பெற்ற நகரத் திட்டமிடுநர் என்று ஒரு இடத்தையும் உருவாக்கியிருக்கிறார்கள். இதனால் வேலூர், ஆற்காடு, திருப்பத்தூர் மாதிரி ஊர்களிலேயே ஆபீஸ் போட்டு உட்கார்ந்து சம்பாதிக்கிற பிளானர்களை இன்று என்னால் காட்ட முடியும். என் அப்பா காலத்தில் இது சென்னையில் மட்டும் இருந்த தொழில்.

பைக் விஷயம் வருத்தமானதுதான். ஆனால் ரோடு போடுகிற இடத்தில் நிற்க வேண்டிய ஆள் நிற்காததற்கு, ரோடு எங்கே போக வேண்டும் என்று படிக்கிறவனைத் தடுப்பது பதில் இல்லை.

கிரீன் சர்க்கிள்:

தடுக்கவில்லை, தெரிந்து போகட்டும் என்கிறேன். ஒன்று ஒத்துக்கொள்கிறேன், அங்கே கற்றுக்கொண்ட ஜிஐஎஸ்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது. கதிர், எந்தக் கல்லூரி சேர்ந்தாலும் முதல் வருடத்திலேயே கியூஜிஐஎஸ் என்கிற மென்பொருளைப் பழகு. இலவசம், சாதாரண லேப்டாப் போதும்.

தொரப்பாடி சிவில்:

நடுவில் புகுந்து கேட்கிறேன் அண்ணா. நான் சிவில் மூன்றாம் வருடம். இப்போது பிளானிங் பக்கம் வர முடியுமா? பி.பிளான் படித்தவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருக்குமா?

காட்பாடி பிளானர்:

தாராளமாக வரலாம், நானே அப்படி வந்தவன்தான். கேட் தேர்வில் ஏஆர் தாள், அதாவது ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் தாள் எழுது. எஸ்பிஏக்கள், ஐஐடி கரக்பூர், ஐஐடி ரூர்க்கி, நம் பக்கத்தில் என்ஐடி கோழிக்கோடு, திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி, சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி என்று இடங்கள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு மாநில நுழைவுத் தேர்வு வழியாகவும் போகலாம். தமிழ்நாட்டில்தான் வேலை பார்க்கப்போகிறாய் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிப்பதில் ஒரு லாபம், இங்கிருக்கிற சட்டம், இங்கிருக்கிற ஊர்கள், இங்கிருக்கிற அதிகாரிகள் எல்லாம் படிக்கும்போதே பழக்கமாகிவிடும்.

புவியியல், பொருளாதாரம், சமூகவியலில் முதுகலை முடித்தவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். வகுப்பில் சிவில் பையன் குழாய் விட்டம் கணக்குப் போடுவான், சமூகவியல் படித்த பெண் அந்தக் குழாய் எந்தத் தெருவோடு நின்றுபோகிறது, ஏன் நிற்கிறது என்று கேட்பாள். இரண்டு பேரும் வேண்டும். சிவில் படித்தவனுக்கு அந்த இரண்டாவது கேள்வி சுலபத்தில் வராது, அதற்கு நீ தயாராக வா.

ஆற்காடு அப்பா:

செல்வி அம்மா, உங்களிடம் ஒன்று கேட்கணும். களத்துக்குப் போகிறது, வீடு வீடாகக் கேட்கிறது என்கிறீர்களே, பெண் பிள்ளைக்கு அது சரிப்படுமா?

சத்துவாச்சாரி செல்வி:

அப்பா, எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்தான். குழுவாகத்தான் அனுப்புவார்கள், கல்லூரிக் கடிதம் கையில் இருக்கும். வீட்டுக்குள் இருக்கிற பெண்கள் ஒரு ஆண் வந்து கேட்டால் கதவிலேயே 'அவர் இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். நான் கேட்டால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, பொதுக் கழிவறைக்கு ஏன் போவதில்லை, இருட்டினால் எந்தத் தெரு வழியாக வரமாட்டார்கள் என்பதெல்லாம் சொல்வார்கள். அந்தத் தகவல் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் விளக்கு எங்கே வேண்டும், கழிவறை வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் பெண்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது. அனுப்பிவையுங்கள்.

ஆற்காடு அப்பா:

சரி அம்மா. வீட்டில் காட்டினேன், அவள் முழுசாக உட்கார்ந்து படித்தாள். லோன் விஷயமாகப் பேங்கில் கேட்டுவிட்டு வருகிறேன்.

குடியாத்தம் கதிர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நைனாவுக்கு முழுசும் படித்துக் காட்டினேன். சர்வேயர் ஐயா எழுதியதை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார், அவருக்கு நிலம் புரியும். ஜேஇஇ எழுது, கிடைத்தால் போ, கிடைக்கவில்லையென்றால் சிவில் படித்துவிட்டு எம்.பிளான் போ என்று சொல்லிவிட்டார். கிரீன் சர்க்கிள் அண்ணன் சொன்னதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

ஐயா, புலப்படமும் 'அ' பதிவேடும் சாதாரண ஆள் பார்க்க முடியுமா? செல்வி அக்கா, 2பி-க்கு வரைகிற பயிற்சி தேவையா? 2ஏ, 2பி இரண்டும் எழுதலாமா?

வாலாஜா சர்வேயர்:

பார்க்கலாம் தம்பி. தமிழ்நாடு அரசின் நில ஆவண இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் போட்டால் வரும். உன் வீடு இருக்கிற நம்பரை முதலில் எடு. அப்புறம் சுற்றி இருக்கிற நம்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிப் பார், வாய்க்கால் எந்தப் பக்கம் இருந்து வந்தது என்று கண்டுபிடி. சந்தேகம் வந்தால் படத்தை இங்கே போடு, சொல்லித் தருகிறேன்.

சத்துவாச்சாரி செல்வி:

2பி-க்கு வரையத் தேவையில்லை, வரைபடத் தேர்வு 2ஏ-வில்தான். இரண்டும் சேர்த்து எழுதலாம், நேரம் கூடுதலாகத் தருவார்கள், ஆனால் விண்ணப்பம் போடும்போதே இரண்டையும் டிக் செய்ய வேண்டும். நிறையப் பேர் தாள் 1 மட்டும் டிக் செய்துவிட்டு வருகிறார்கள், நீ தாளின் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டு. ஆப்டிட்யூடுக்குத்தான் 200 மதிப்பெண், அதனால் தினமும் அதற்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கு, கணக்கையும் விட்டுவிடாதே. பழைய 2பி கேள்வித்தாள்கள் ஜேஇஇ நடத்துகிற என்டிஏ தளத்தில் கிடைக்கும்.